சின்னஞ்சிறு சேமக்காலை

விளையாட்டுப் புகையிரதம் ஒன்றைக் கண்டவுடன் பாலர் முதற் பண்டிதர் வரை எல்லோரும் முதலிற் பார்ப்பது எஞ்சினைத்தான். அது வளைவிலே திரும்பும் அழகையும், சுரங்கத்துள் மறைந்து மறுபக்கத்திலே தலைகாட்டும் வித்தையையும் கண்டு மகிழ்ந்த பின்னரே, அது ஓடுகின்ற நிலத்தின்மீது அவர்கள் பார்வை விழும். ஆனால், மேசையொன்றின் மீது அத்தகைய சிற்றுலகத்தை அமைத்தவனைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் கடையில் வாங்கியது, நிலம் நானே செய்தது என்று பெருமையோடு சொல்வான்.

அந்நிலத்திலே மலை இருக்கும். ஆறும் பாலமும் இருக்கும். நிலையமும், தபாற் கந்தோரும், தேநீர்க் கடையும், கோயிலும், பாடசாலையும் இருக்கும். இவ்வளவும் வைத்த பின்னரும் அவ்வூர் நேற்று மாலை முளைத்த ஊர்போலத் தோன்றுவதுண்டு. காரணம் யாதெனில், அங்கே இருப்பவர் உளர், இறந்தவர் இலர். முன்னோர் இல்லாத ஊர் எவ்வளவு அழகாயிருப்பினும் பொம்மைக் கடையேயன்றி ஊராகாது. ஆதலினாற்போலும், மேனாடுகளில் இக்கலையிற் கைதேர்ந்தோர் பலர் தம் அமைப்பின் ஒரு மூலையிலே சிறியதொரு சேமக்காலையைச் செய்து வைக்கின்றனர். தண்டவாளம் வளையும் இடத்தின் உட்புறத்தில், கட்டடம் எதற்கும் பொருந்தாத கோணல் நிலத்தை அது நிரப்பிவிடும். செய்வதற்குப் பெருஞ் செலவும் இல்லை. இவை வசதி பற்றிய காரணங்கள். இவற்றினும் பெரிய காரணம், நேற்றுச் செய்த மேசைக்கு அது நூறு வயதை ஊட்டிவிடுகிறது என்பதே.

பிணஞ் சுடும் இடத்தைச் சுடலை என்கிறோம். புதைக்கும் இடத்தை இடுகாடு என்கிறோம். கிறித்தவர்கள் தம்மவரை அடக்கஞ் செய்யும் இடத்துக்குச் சேமக்காலை என்னும் அழகிய சொல் ஈழத்துத் தமிழில் வழங்குகின்றது. இறந்தார்க்குக் கல் நடுதலும் தமிழர்க்குப் புதியதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் அதனை அறுவகையாக வகுத்துக் கூறுவதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். கல் இருக்கும் வரை பெயர் இருக்கும். கல்லே இல்லாதவர் நிலை என்ன? சேமக்காலை ஒன்றைச் சிறிதாகச் செய்யப் புகுந்தபோது எம்முன் வந்து நின்ற வினா இதுதான்.

புகையிரதமும் மயானமும் பொருந்தாத சேர்க்கை என்று எண்ணுவோர்க்கு இங்கிலாந்தின் வரலாறு விடை தரும். இலண்டன் மாநகரிலே இறந்தோரைப் புதைக்க இடம் போதாதிருந்த காலத்தில், வாட்டர்லூவுக்கு அருகே தனியாக ஒரு நிலையம் அமைத்து, புரூக்வுட் என்னும் இடத்திலுள்ள பெருஞ் சேமக்காலைக்குச் சடலங்களைக் கொண்டு செல்லும் சேவையொன்று 1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆரம்பமாயிற்று. துக்கத்துக்குச் செல்பவர்க்குப் போய்வரும் சீட்டு. சவப்பெட்டிக்குப் போகும் சீட்டு மட்டும். அதிலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இருந்தன! சேமக்காலையினுள்ளே இரண்டு நிலையங்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையினர்க்கு, மற்றையது ஏனையோர்க்கு. 1941 ஏப்பிரலில் ஜெர்மானியரின் குண்டுவீச்சினால் இலண்டன் நிலையம் சிதைந்த பின்னர் அச்சேவை மீண்டும் நடைபெறவில்லை.

1860 களில் இலண்டனிலே சென் பாங்கிராஸ் பழைய தேவாலயத்தின் சேமக்காலையூடாகப் புகையிரதப் பாதை வெட்டப்பட்டது. அங்கிருந்த எச்சங்களை முறைப்படி அகற்றுவதை மேற்பார்வை செய்த இளைஞர், பின்னாளில் நாவலாசிரியராகப் பெரும் புகழ் பெற்ற தோமஸ் ஹார்டி ஆவார். பெயர்த்தெடுத்த கற்கள் ஒரு மரத்தைச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. ஹார்டி மரம் என்று வழங்கிய அம்மரம் 2022 டிசெம்பரிலே சாய்ந்துவிட்டது.

சிற்றுருவம் செய்தல் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடவும் இயலாது. அவுஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் இங்கிலாந்து சென்ற ரோய் இங்லண்ட் என்பவர், ஒக்ஸ்போர்ட் பகுதியின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக அழிவதைக் கண்டு மனம் வருந்தினார். அவற்றை அளந்து, கல்லுக்குக் கல் வழுவாமற் சிறிதாகச் செய்து வைக்கலானார். 1954 இல் லோங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் அவர் நிறுவிய பென்டன் நூதனசாலை, 1920, 1930 ஆம் ஆண்டுகளின் கிராமங்களை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கின்றது. அழிந்துபோவதைச் சிறிதாகவேனும் காத்து வைக்கலாம் என்பதே அவர் நமக்குக் காட்டிய வழி.

நிற்க. எமது அமைப்பைப் பற்றிச் சொல்வோம். நாம் யாழ்ப்பாணத்திற் பிறந்து, கண்டியிலே ஆசிரியத் தொழில் புரிந்து வருபவர். நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த எஞ்சின் ஒன்றும் மூன்று பெட்டிகளும் எம்மிடம் இருந்தன. எட்டடி நீளமும் மூன்றடி அகலமுமான பழைய கதவொன்றை மேசையாக்கி, எமது பிள்ளைகளும் கல்லூரி மாணவர் நால்வரும் துணை நிற்க, மலைநாட்டுப் பாதையின் ஒரு பகுதியை அமைக்கலானோம்.

மலைநாட்டுப் பாதை ஒரே காலத்தில் எழுந்ததன்று. 1867 இற் கண்டியை எட்டிய புகையிரதம், 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. 1924 இலேயே பதுளையை அடைந்தது. அட்டனும் கொட்டகலையும், இடையிலே சிங்கமலைச் சுரங்கமும், ஒருபுறம் தேயிலைச் சரிவும், மறுபுறம் பள்ளத்தாக்குமாக நாம் எடுத்துக் கொண்ட பகுதி பயணிகள் யன்னலை விட்டுக் கண்ணெடுக்காத பகுதியாகும்.

எமது அளவுத் திட்டம் எழுபத்தாறில் ஒன்று. அதாவது, உண்மையில் ஓரடியாக உள்ளது மேசையில் நான்கு மில்லிமீற்றர் ஆகும். ஆறடி மனிதனின் உயரம் 24 மில்லிமீற்றர். எமது நாட்டின் அகலப் பாதைக்கு இக்கணக்கின்படி 22 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். கடைகளிற் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அக்குறையைப் பொறுத்துக் கொண்டோம். மண்ணில் மட்டும் குறை வைப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

சேமக்காலை என்ற பேச்சு எழுந்ததும் வீட்டிலே எதிர்ப்பும் எழுந்தது. “வீட்டுக்குள்ளை சுடலை கட்டப் போறியோ, தம்பி?” என்று எமது தாயார் கேட்டார். அதனுள்ளே எவரும் இல்லை, அட்டையும் பசையுந்தான் என்று விளக்கினோம். “ஒருத்தரும் இல்லாத சுடலை எண்டால் அது இன்னும் கூடாது” என்றார். வாதத்தில் அவரை வெல்லுதல் அரிது. ஈற்றிலே உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. மேசை சுவாமி அறைக்கு எதிரே இருத்தல் ஆகாது. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் அந்த மூலையைத் துணியால் மூடிவிட வேண்டும். அந்நியதியை இன்றும் வழுவாது காத்து வருகிறோம்.

முதலிலே தேவாலயத்துச் சேமக்காலையைச் செய்தோம். டிக்கோயாவில், காசல்றீ நீர்த்தேக்கத்தை நோக்கியவாறு 1878 ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் வோர்லி தேவாலயம் எமக்கு மாதிரியாயிற்று. உண்மையில் அது புகையிரதப் பாதையை ஒட்டியதன்று. எனினும் தொலைவில் உள்ளவற்றை அருகருகே சேர்த்து வைத்தல் இக்கலையில் அநுமதிக்கப்பட்ட சுதந்திரமாகும். அப்பகுதிச் சேமக்காலைகளில் உறங்குவோர் பலர் பிறந்த மண்ணை மீண்டும் காணாத ஐரோப்பியர். டென்னிசன், டார்வின் முதலியோரைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது 1879 இல் டிக்கோயாவிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலைப் பயிரை வியாபார முறையில் முதன்முதல் உண்டாக்கிய ஜேம்ஸ் டெய்லர் 1892 இல் இறந்து, கண்டி மகியாவச் சேமக்காலையிலே துயில்கிறார்.

மாணவர்க்குப் பயன்படும் என்பதனாற் செய்முறையைச் சுருக்கமாகத் தருகின்றோம். மூன்றடி உயரமான கல் 12 மில்லிமீற்றர் ஆகும். பிஸ்கட் பெட்டியின் அட்டையை இரண்டாக ஒட்டி வெட்டினால் வேண்டிய தடிப்புக் கிடைக்கும். கல்லின் மேல்விளிம்பை வளைவாகவும், கூராகவும், சிலுவையாகவும் வேறுபடுத்த வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் படைவீரர் அணி போலாகிவிடும். முதலிற் சாம்பல் நிறம் பூசி, அது உலர்ந்ததும் நீர் மிகக் கலந்த கறுப்பை ஓடவிட்டுத் துடைத்தால், வெடிப்புகளிலும் ஓரங்களிலும் கறுப்புத் தங்கும். பின்னர், பெரும்பாலும் உலர்ந்த தூரிகையால் வெண்சாம்பலை மேலே தடவ வேண்டும். அடிப்புறத்திற் சிறிது பச்சை, பாசிக்காக. பழங்கற்கள் நேரே நில்லா. ஆதலால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சற்றே சாய்த்து நட்டோம். எழுத்துக்குப் பதிலாகப் பென்சிலால் மெல்லிய கோடுகள். பெயர் எதுவும் எழுதவில்லை. இறந்தவர் பெயரைக் கற்பனை செய்ய மனம் ஒப்பவில்லை.

மதிலுக்கு முட்டைக்கோது உதவிற்று. கழுவி உலர்த்திய கோதைப் பசையின்மீது அழுத்தினால் அது நொறுங்கிக் கருங்கற் கட்டுப் போலாகும். பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கி, பச்சைச் சாயம் ஊட்டிய பஞ்சுத் துண்டுகளை ஒட்டிச் சைப்பிரஸ் மரங்கள் செய்தோம். கிறித்தவ நண்பராகிய சக ஆசிரியர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்து, “உங்கள் மேசையில் கிழக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அடக்கஞ் செய்யப்பட்டவர் எழுங்காலத்திற் கிழக்கு நோக்கி எழவேண்டும் என்பதற்காகத் தலையை மேற்கே வைத்தல் பழைய வழக்கம் என்றார். அன்றே யன்னற் பக்கத்தைக் கிழக்கென்று நிச்சயித்து, பதினெட்டுக் கற்களையும் அதற்கேற்ப நட்டோம். திசையில்லாதிருந்த எமது மேசைக்கு இறந்தவர்களே திசையைத் தந்தார்கள்.

பதினெட்டுக் கற்களும் நின்றன, எல்லோரும் மெச்சினர். எம்மோடு வேலை செய்த மாணவருள் ஒருவன் தோட்டத்துப் பிள்ளை; தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவன் அன்று அதிகம் பேசவில்லை. மறுநாள் வந்து, லயத்துக்கு மேலேயுள்ள சரிவைக் காட்டி, “இந்த இடத்தைக் காலியா விடலாமா, சேர்? எங்க ஆளுங்களுக்கு” என்று கேட்டான். கேட்ட குரலில் முறைப்பாடு இல்லை. இடம் கேட்கும் பணிவே இருந்தது.

அவன் சொல்லச் சொல்லக் குறித்துக் கொண்டோம். தோட்டங்களிலே இறந்தவரைப் பெரும்பாலும் அடக்கமே செய்கின்றனர். தேயிலைக்கு நடுவே ஒதுக்கிய துண்டு நிலமே இடுகாடு. மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. மண்ணைக் குவித்த மேடு மட்டும். கல் வைக்க வசதியுள்ளவர் சிலரே. அவனுடைய தாத்தாவின் மேட்டிலே ஒரு செவ்வந்திச் செடி நட்டார்களாம். அடுத்த மழைக்கு மேடு பாதியாய்த் தாழ்ந்ததாம். சில ஆண்டுகளிற் செடியும் இல்லை. “அப்பாவுக்கு மட்டும் இடம் தெரியும், சேர். மூணாவது வங்கியில, சவுக்கு மரத்துக்கு நேரா” என்றான்.

கல்லைச் செய்வது எளிது. மேட்டைச் செய்வது கடினம் என்பதை அன்று அறிந்தோம். ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமுமான புதுமேடு மேசையில் 24 மில்லிமீற்றர் நீளமும் 10 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. உயரம் நான்கு மில்லிமீற்றர். பழையது இரண்டு. அதனிலும் பழையது ஒன்று. கல்லின் வயதைப் பாசி காட்டும்; மேட்டின் வயதை அதன் தாழ்வே காட்டும். பரிசுச் சாந்தைச் சிறு கரண்டியால் வைத்து, ஈர விரலால் நீவி, ஒவ்வொன்றாகச் செய்தோம். மேலே தூவுவதற்கு வேண்டிய மண் எமது சமையலறையிலேயே கிடைத்தது. குடித்து முடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் உலர்த்தி, நொறுக்கி, அரித்தெடுத்தால், ஈர மலைமண்ணின் கபில நிறம் அப்படியே அமையும். நீர் கலந்த வெள்ளைத் தச்சுப் பசையிலே பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி சேர்த்துச் சொட்டவிட்டால், பசை பரவித் தூளை இறுகப் பற்றும். சக்கையைச் சேர்த்து உலர்த்தித் தந்தவர் வேறு யாருமல்லர், சுடலை கூடாது என்ற எமது தாயாரேதான். பையன் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னதை அவர் அடுக்களை வாயிலில் நின்று கேட்டிருக்கிறார்.

இருபத்திரண்டு மேடுகள் முடிந்த பின்னர் அவன் மேலும் ஒன்பது இடங்களைப் பென்சிலாற் குறித்தான். அவை முழுவதும் தாழ்ந்து நிலத்தோடு நிலமாகிவிட்ட மேடுகள் என்றான். நிலத்தோடு நிலமானதை எவ்வாறு செய்து காட்டுவது? காட்டினாலும் எவர் கண்ணுக்குத் தெரியும்? “தெரியாதுதான், சேர். ஆனா அங்கே இருக்காங்களே” என்றான். அதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை. அவ்விடங்களிலும் தேயிலைத் தூளைத் தூவி, அதன்மேற் புல்லின் பச்சையை ஒரு சாயல் கூட்டினோம். எங்கு பார்க்கவேண்டும் என்று அறிந்தவர்க்கன்றி அது தெரியாது.

அந்த ஒன்பதுக்கும் பின்னே ஒரு வரலாறு இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். புகையிரதம் மலையேறியதும் அவர்களின் உழைப்பினாலேயே. 2023 ஆம் ஆண்டில், அவர்கள் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் நடந்தே சென்றனர். வழியிற் புதைந்தவர்க்குக் கல் இல்லாமையால், நடையே கல்லாயிற்று.

பின்னர் வந்த பிரிவு இன்னும் கொடியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 ஒக்டோபர் 30 இல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்வதென விட்டது. இலட்சக்கணக்கானோர் மலைநாட்டு நிலையங்களிற் புகையிரதம் ஏறித் தலைமன்னாரை அடைந்து, கப்பலில் இராமேஸ்வரம் சென்றனர். புகையிரதத்தைக் கோச்சி என்பது மலையக வழக்கு. ஏற்றப்பட்டவரும் நின்றவரும் ஒருசேர அழுதமையால் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. பானையையும் பாயையும் கட்டி எடுத்துச் செல்லலாம். தேயிலைக்கு நடுவே உறங்கும் தாயை எடுத்துச் செல்ல எந்தச் சீட்டும் இல்லை. இலண்டனில் இறந்தவருக்குப் போகும் சீட்டு மட்டும் இருந்தது. இங்கே உயிரோடிருந்தவருக்கே போகும் சீட்டு மட்டும் கொடுக்கப்பட்டது.

எமது மாணவனுடைய தாத்தாவின் தமையனார் அவ்வண்டியிற் சென்றவர். அவர் சென்றபின், அவருடைய மனைவியின் மேட்டைப் பார்ப்பார் இல்லாது போயிற்று. பென்சிலாற் குறித்த ஒன்பதில் அதுவும் ஒன்று.

கல்லூரியின் பொழுதுபோக்குக் கண்காட்சியிலே இவ்வமைப்பை வைத்தபோது, சிறுவர் எஞ்சினைப் பார்த்தனர். பெரியோர் தேவாலயத்தைப் பார்த்தனர். மாணவனின் தகப்பனார் பிற்பகலில் வந்தார். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, சரிவையே நெடுநேரம் பார்த்து நின்றார். “வங்கி சரியா வந்திருக்குங்க, ஐயா” என்று மட்டும் சொன்னார். பிறகு மகனை அழைத்து, குனிந்து, சவுக்கு மரத்துக்கு நேரே விரலை நீட்டி எதையோ காட்டினார். தந்தை ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த இடம் அன்று மகனுக்கும் தெரியலாயிற்று.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருள் எவரேனும் இத்தகைய சிற்றூர் ஒன்றைச் செய்ய விரும்பினால், நாம் சொல்லக் கூடியது ஒன்றே. எஞ்சினுக்குச் சேர்த்த பணம் போதாவிட்டாற் பொறுத்திருங்கள். அதற்குள் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, யார் யார் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கல் உள்ளவரைக் கல் பார்த்துக்கொள்ளும். கல் இல்லாதவர் கேட்டறிந்தவர் நினைவிலேதான் இருக்கின்றார்கள்.

எமது மேசையிலே இப்பொழுது எவரும் விதிக்காத விதியொன்று நடைமுறைக்கு வந்திருக்கின்றது. புகையிரதத்தை ஓட்டுகின்ற பிள்ளை யாராயினும், சுரங்கத்தை விட்டு வெளிவந்து லயத்துக்கு மேலேயுள்ள சரிவை அணுகியதும், கட்டுப்பாட்டுக் குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. சரிவு கடந்த பின்னரே வண்டி மீண்டும் விரைகின்றது.